ஆன்மாவின் வழக்கும் உன் ஞானத்தகப்பனும்

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சுகமில்லாதவன் இவ்வளவு கோபமாக எழுதமாட்டான். உன் கடிதம், சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட இந்த இடப்பெயர்வுக்கு முன்னமே கைக்கு வந்துவிட்டது. கலியாணம் சரிவந்ததையும், பெண் வீட்டார் உன்னைத் தங்கள் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார்கள் என்பதையும் வாசித்து, பெற்ற வயிறு குளிர்ந்து அழுதேன், சிரித்தேன், மாதா சொரூபத்துக்கு முன்னால் போய் நின்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கோயில் விவாகத்துக்கு ஞானஸ்நான அத்தாட்சி வேண்டும், எடுத்து அனுப்புங்கோ என்று எழுதியிருந்தாய். அது சரி. அதற்குக் கீழே, ஞானத்தகப்பன் என்ற இடத்தில் இருக்கிற சூசை அண்ணையின் பெயரைப் பங்குக் குருச் சுவாமியிடம் சொல்லி எடுத்துவிட ஏலுமோ என்று கேட்டிருந்தாய். ஏலாது, ராசா. உன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அந்த மனிதன்தான் உன்னைக் கையில் வைத்திருந்தது. பேரை வெட்டலாம், அந்தக் கையை எங்கே வெட்டுவது?

இந்தக் கடிதம் நீளும். வேலையால் வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து படி. உன்னைக் கட்டப்போகிற பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டுக் கதை தெரிந்துகொண்டே அவள் வரட்டும். நான் இப்போது குருநகரில் இல்லை. ஊரோடு வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒரு கோயிலுக்குப் பின்னால் உள்ள தென்னங்காணியில் கிடுகால் கொட்டில் போட்டு இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், பட்டினியும் இல்லை. கொழும்புக்குப் போகிற ஒரு சுவாமி இதைக் கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன் என்றிருக்கிறார். அவர் போவதற்கிடையில் எழுதி முடிக்கவேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்ததும் முழுக்கச் சரியில்லை. எங்கள் கரையில் தகப்பனும் மகனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போவதில்லை. கடல் எடுத்தால் ஒரு வீட்டில் ஒருத்தரைத்தான் எடுக்கவேண்டும் என்று அந்தக் காலத்திலிருந்தே வைத்த வழக்கம். அதனால்தான் பள்ளிக்கூடம் வேண்டாம், கடலுக்குப் போகப்போகிறேன் என்று நீ அடம்பிடித்தபோது, அப்பா உன்னைத் தன் வள்ளத்தில் ஏற்றவில்லை. 'உன்ரை ஞானத்தகப்பனோடை போ' என்று சூசை அண்ணையின் வள்ளத்தில் விட்டார். அந்த இரண்டு பேரும் சேர்ந்து வளர்ந்தவர்கள், சேர்ந்தே வலை போட்டவர்கள். ஒருத்தர் மற்றவருடைய வீட்டுச் சட்டியைத் திறந்து கறி போட்டுக்கொள்கிற சிநேகிதம். எண்பத்தாறாம் ஆண்டு, நீ போகத் தொடங்கிய முதற்கிழமையே அது நடந்தது. கடல் ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் சத்தி எடுத்துவிட்டு நீ படங்குத் துணியை இழுத்துப் போர்த்துக்கொண்டு வள்ளத்துக்குள் படுத்துவிட்டாய். விடிந்து வெயில் ஏறக் கரைக்கு வந்து இறங்கினாய். அப்பா வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, அடக்கம் செய்ய ஒரு துண்டும் இல்லை.

சூசை அண்ணை, விடியப்புறம் இரண்டு வள்ளமும் பிரிந்துவிட்டது, அதற்குப் பிறகு அப்பாவைக் காணவில்லை என்றார். ஆனால் பாசையூரிலிருந்து போன ஒரு வள்ளத்துக்காரர், விடிய அந்த இரண்டு வள்ளத்தையும் தூரத்தில் கிட்டக்கிட்டக் கண்டோம், ஒன்றில் எஞ்சின் நின்று கிடந்த மாதிரி இருந்தது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது சந்தைக்கு வந்து, சந்தையிலிருந்து என் காதுக்கு வந்தது. நான் போய்க் கேட்டேன். 'காணேல்லை, தங்கச்சி' என்றார், என் முகத்தைப் பாராமல். அன்றிலிருந்து என் நெஞ்சுக்குள் ஒரு முள். அவர் வீட்டிலிருந்து மீன் வந்தால் வாங்குவேன், வாங்கிப் பூனைக்குப் போடுவேன். அவ்வளவு ரோசம் எனக்கு. உனக்கு எங்கிருந்து இந்தக் குணம் வந்தது என்று நீ தேடவேண்டியதில்லை.

இனி அந்தக் கோயில் கூத்துக்கு வருகிறேன். அப்பா போய் இரண்டாம் வருடம் எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு இளம் சுவாமி வந்திருந்தார், நினைவிருக்கும். சின்னச் சுவாமி என்று கூப்பிடுவோம். வெளிநாட்டில் படித்தவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிற எங்களை ஞாயிறு பூசை முடிய இருத்திவைத்து, எத்தனையோ நூறு வருடத்துக்கு முந்தி ஐரோப்பாவில் மடங்களில் இருந்தவர்கள் பாட்டாக எழுதிய கதைகளைச் சொல்வார். எல்லாம் ஆன்மா கரையேறுகிற கதை. ஒன்றில் ஆன்மா ஒரு கோட்டை, ஐம்புலன்களும் அதற்கு வாசல், ஏழு பாவங்களும் படையோடு வந்து சூழ்ந்து நிற்கும். இன்னொன்றில் செத்த உடலும் ஆன்மாவும் உன்னாலே நான் கெட்டேன், உன்னாலே நான் கெட்டேன் என்று சந்தைப் பெண்டுகள் மாதிரி வாய்ச்சண்டை பிடிக்கும். இன்னொன்றில் உலகம் கடல், திருச்சபை கப்பல், பாய்மரம் சிலுவை, நங்கூரம் நம்பிக்கை. கப்பலை விட்டு விழுகிறவன் தன் பாவத்தால் விழுகிறான். நான் எழும்பி, சுவாமி, இதை எழுதினவர் ஒருநாளும் தொழிலுக்குப் போயிருக்கமாட்டார், எஞ்சின் நின்றால் என்ன பாவம் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சுவாமி சிரிக்கவில்லை. அந்தக் காலத்துக் கவிகள் ஒரு பொருளைச் சொன்னால் அதன்மேல் மாடிமேல் மாடி கட்டுவார்கள், வள்ளம் முதலில் வள்ளம், பிறகு திருச்சபை, பிறகு உன் மனம், கடைசியில் மோட்சம். ஆனால் கீழே இருக்கிற வள்ளம் உண்மையான வள்ளமாக இல்லாவிட்டால் மேல்மாடி எல்லாம் சரிந்துவிடும், நீங்கள் கேட்டது நியாயம் என்றார். எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றைத்தான் எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கூத்தாக்கினார். ஒரு அரசனுக்கு ஒரு வேலைக்காரன். விலக்கியதைச் செய்து சிறைப்படுகிறான். அந்த வேலைக்காரன்தான் ஆன்மா. அரசனுக்கு நாலு பெண்மக்கள்: இரக்கம், உண்மை, நீதி, சமாதானம். இரக்கம் அவனை விடச் சொல்கிறாள். உண்மையும் நீதியும் விடக்கூடாது என்கிறார்கள். அக்கா தங்கைகளுக்குள் சண்டை முற்ற, சமாதானம் கோபித்துக்கொண்டு நாட்டை விட்டே போய்விடுகிறாள். கலியாணம் கட்டப்போகிறவன், இதை மனதில் வைத்துக்கொள்: வீட்டில் சண்டை வந்தால் நீதியும் இரக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்று சண்டை பிடிப்பார்கள், முதலில் வெளிக்கிட்டுப் போகிறவள் சமாதானம்தான். கடைசியில் அரசனின் மகன், தான் அந்தக் கைதியின் உடுப்பை உடுத்துச் சிறைக்குப் போகிறேன் என்கிறான். அப்போதுதான் உண்மை இரக்கத்தைச் சந்திக்கிறாள், நீதி சமாதானத்தை முத்தமிடுகிறாள், அண்ணாவியார் மங்களம் பாடிக் கூத்தை முடிக்கிறார். இந்த வழக்கு முழுவதும் ஆன்மா வாய் திறப்பதில்லை. தன் வழக்கில் தான் பேச அதற்கு உரிமை இல்லை, மற்றவர்கள்தான் அதற்காகப் பேசவேண்டும். ஏன் அப்படி என்று நான் சுவாமியிடம் கேட்டேன். தன்னை மீட்கக் கொடுத்த விலை என்ன என்று ஆன்மாவுக்குத் தெரியாது, தெரியாததைப் பற்றி அது என்ன பேசும் என்றார்.

சண்டையால் ஆம்பிளைகள் பாதிப்பேர் ஊரில் இல்லாத காலம். அதனால் நாலு சகோதரிகளையும் பெண்களே ஆடட்டும் என்று சுவாமி சொல்ல, பெண் வேஷத்தையும் ஆம்பிளைகளுக்கே கொடுத்துப் பழகிய அண்ணாவியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு வழிக்கு வந்தார். நீதி எனக்கு. 'உனக்குத்தான் சரிவரும், கோவியாதை' என்றார், கோவித்தேன். நீதிக்குத் தராசு வேண்டுமென்று மீன் சந்தையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கினார்கள், எவ்வளவு தேய்த்தும் மீன் வெடுக்கு நாற்றம் போகவில்லை. சமாதானத்துக்கு ஒலிவக் கிளை வேண்டுமாம். ஒலிவ மரத்துக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? குருத்தோலை பிடிக்கட்டும் என்று முடிவானது. அந்தக் குருத்தோலையைப் பிடித்தவர் சூசை அண்ணையின் மனுசி, ரோசம்மா அக்கா. ஆன்மா வேஷம் சூசை அண்ணைக்கு. பாட்டில்லாத வேஷம், அவருடைய தொண்டைக்கு அதுதான் பொருத்தம் என்று எல்லாரும் பகிடி பண்ணினார்கள். அவராகவே போய்க் கேட்டு வாங்கினார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று நீ அப்போதே சண்டை பிடித்தாய். வேஷம்தானே என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பங்கில் வேஷம் என்பது வெறும் வேஷமில்லை. ஆடுகிறவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, பீடத்தின் முன் முழந்தாளில் நின்று அந்தப் பாத்திரத்தைச் சுவாமியின் கையால் வாங்கவேண்டும். வாங்கியபிறகு அதில் பொய் செய்தால் கோயிலில் பொய்ச்சத்தியம் பண்ணிய மாதிரி. மங்களம் பாடும்வரைக்கும் நீ அந்த ஆள்தான்.

ஊரடங்கு காரணமாகக் கூத்தைப் பகலில் ஆடினோம், வெயில் சாயத் தொடங்கி. நீ கூட்டத்தில் வலதுபக்கம், மதிலில் சாய்ந்து நின்றாய். எல்லாம் ஒழுங்காகப் போனது. நான் நீதியாக நின்று, கைகட்டி நிற்கிற ஆன்மாவின் மேல் குற்றப்பாட்டுப் பாடினேன். ஊரே விளங்கிக்கொண்டது. நான் பாடப்பாடப் பெண்டுகள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். அரசனின் மகன் வந்து தன் வரிகளைப் பாடினான். அடுத்தது என் முறை. தராசை இறக்கி வைத்துவிட்டுப் போய்ச் சமாதானத்தைக் கட்டிப்பிடித்து முத்தமிடவேண்டும். போனேன். ரோசம்மா அக்காவுக்கு முன்னால் நின்றேன். அப்போதுதான் எனக்குப் பட்டது, உண்மை இன்னும் இரக்கத்தைச் சந்திக்கவில்லையே, அதற்கு முன்னம் நான் எப்படி இவரை முத்தமிடுவது என்று. பாட்டில் இரண்டும் சந்தித்துவிட்டார்கள், ஆனால் அது வேஷம் கட்டிய பாடகர் குழாத்துப் பெண்பிள்ளைகள் இரண்டுபேர். எனக்கு வேண்டிய உண்மை வேறே. நான் திரும்பி ஆன்மாவிடம் போனேன். பாட்டில்லை, ராகமில்லை, வீட்டில் கதைக்கிற மாதிரியே கேட்டேன்.

"சூசை அண்ணை, அண்டைக்கு அவரைக் கண்டனீங்களோ, இல்லையோ?"

மத்தளம் நின்றது. பேச உரிமையில்லாத ஆன்மா என்னைப் பார்த்தது.

"ஓம். கண்டனான்."

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீ மேடையில் பாய்ந்ததும், ஆட்கள் உன்னைப் பிடித்து இழுத்ததும். அண்ணாவியார் மங்களம் பாடவில்லை. நீதி சமாதானத்தை முத்தமிடாமல் எப்படிப் பாடுவது? கூத்து அந்தரத்தில் நின்றது. அது முடியாமல் அந்த மேடையில் வேறே கூத்து ஏற்றக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம், ஆகவே அதற்குப் பிறகு ஒன்றும் ஏற்றவில்லை. சில மாதத்தில் நீ வெளிநாட்டுக்குப் போனாய். போகும்போது, அம்மா அந்த ஆளின்ரை முகத்திலை இனி முழிக்காதையுங்கோ என்று சத்தியம் கேட்டாய். நான் தரவில்லை, ஆனால் முழிக்கவும் இல்லை.

அண்ணாவியார் வந்து கெஞ்சினார், வந்து ஒருக்கால் முடித்துவிடு பிள்ளை என்று. சுவாமி ஒருநாளும் கேட்கவில்லை. நான் அன்றைக்கு நிறுத்தியது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். பொய்யில் வாங்குகிற சமாதானம் வீட்டில் தங்காது, இதை நீயும் கலியாணம் கட்டிய பிறகு கண்டுகொள்வாய். பிழை என்றால் வேறொன்று. ஒரு பெரியவெள்ளிக்கிழமை ரோசம்மா அக்கா எங்கள் வாசற் படலையில் வந்து நின்றார். கூப்பிடவில்லை, சும்மா நின்றார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். வெயிலில் கனநேரம் நின்றுவிட்டுப் போனார். அவர் என்ன செய்தார் எனக்கு? ஒன்றுமில்லை. சூசை அண்ணையோடு தொழிலுக்குப் போக ஒருத்தரும் வரவில்லை, அவர் வள்ளத்தை விற்றுவிட்டுக் கரையோரம் வீச்சுவலை எறிந்தார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு இந்த ஐப்பசி. மழை. ஆமி வருகிறது என்று ஒரு பின்னேரத்தில் ஊரே வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற பாதையில் சனம் நெருங்கி, ஒரு அடி வைத்தால் அடுத்த அடி வைக்க இடமில்லை. என் தோளில் ஒரு பை, தலையில் ஒரு பொட்டலம். பக்கத்தில் யாரோ சைக்கிளைத் தள்ளுகிறார், பின்னுக்குக் கரியரில் கால் வீங்கிய மனுசி ஒருத்தி படங்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் சூசை அண்ணையும் ரோசம்மா அக்காவும். விலகிப் போகலாம் என்று பார்த்தேன், முன்னாலும் சனம், பின்னாலும் சனம், இரண்டு பக்கமும் தண்ணீர். கடவுளுக்கும் பகிடி தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்த ஆளோடு தோள் முட்ட எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதது, அவர் தன் போத்தலை நீட்டினார். ரோசம்மா அக்கா என் தலைப் பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், கேளாமலே. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

அந்த எரிச்சலில்தான் சொன்னேன். நோகட்டும் என்றே சொன்னேன். தம்பிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது, அத்தாட்சியிலை உங்கடை பேரை வெட்டச் சொல்லி எழுதியிருக்கிறான் என்றேன். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. நிறுத்த இடமுமில்லை.

"வெட்டட்டும், தங்கச்சி. அவன் இருக்கிறான்தானே."

அவன் இருக்கிறான்தானே. எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது, பின்னால் வந்த சனம் என்னில் மோதியது. என்ன சொல்லுறியள் என்று கேட்டேன். கதைக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ரோசம்மா அக்கா அழுதுகொண்டு, சொல்லுங்கோவன், இனி யாருக்கு ஒளிக்கிறியள் என்றார். பிறகுதான் சொன்னார். அப்பாவின் எஞ்சின் நின்றுவிட்டது. அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டினார். கிட்ட வா என்றுதான் ஆட்டினார், போ என்றில்லை. அதை அவர் எனக்கு இரண்டுதரம் சொன்னார், நான் வேறுமாதிரி நினைத்துவிடக்கூடாதாம். சூசை அண்ணை வள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அப்போதுதான் அங்காலே, வள்ளங்களைக் கண்டால் சுடுகிற நேவியின் ஒரு ரோந்துக் கப்பல் தெரிந்தது, அப்பாவின் வள்ளத்தை நோக்கி. சூசை அண்ணை குனிந்து பார்த்தார். நீ படங்குக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நித்திரை. கரைக்குத் திருப்பிவிட்டார்.

இதை ஏன் அண்டைக்கு மேடையிலை சொல்லேல்லை என்று நான் கத்தினேன், அத்தனை சனத்துக்கு நடுவில். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பிள்ளை கேட்டுக்கொண்டு நிண்டவன், தங்கச்சி. உன்னாலைதான் உன்ரை அப்பரை விட்டிட்டு வந்தனான் எண்டு எப்பிடி நான் சொல்லுறது? மற்றது, பிள்ளைக்காகத் திரும்பினனோ, என்ரை உயிருக்குப் பயந்து திரும்பினனோ எண்டு எனக்கே இண்டைக்கும் விளங்கேல்லை. அவனைச் சாட்டித் தப்ப எனக்கு மனமில்லை."

அவனுக்குச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான் ஓம் என்றேன். இப்போது அந்த வாக்கை மீறி எழுதுகிறேன், அதற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ பெயரை வெட்டச் சொல்லிக் கேளாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ.

ராசா, ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள். உன்னில் ஒரு குற்றமும் இல்லை. நீ சின்னப்பிள்ளை, சத்தி எடுத்தாய், நித்திரை கொண்டாய், அவ்வளவுதான். ஆனால் இதை நீ ஒருநாளும் நினைக்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே. நினைத்திருப்பாய். அந்த வள்ளத்தில் நீயும் கிடந்தாய் என்பது உனக்குத் தெரியும். அந்த நினைப்பு கிட்ட வரும்போதெல்லாம் அதைத் துரத்தத்தான் சூசை அண்ணையின் மேல் இவ்வளவு கோபம். தாய்க்கு இது தெரியாதா?

சூசை அண்ணையை அரசனின் மகனாக்கவும் நான் வரவில்லை. அந்தப் பழைய கவிகளுக்கு அது வசதியாக இருக்கும். கைதியின் உடுப்பை உடுத்தான், சிறைக்குப் போனான், முடிந்தது. இவர் மனிதன், பயந்தவர், பிறகு வருடக்கணக்காகப் பொய் சொன்னவர். கீழே இருக்கிற வள்ளத்தை உள்ளபடி வைத்துக்கொண்டுதான் மேல்மாடி கட்டவேண்டும் என்று சுவாமி சொன்னாரே. ஆனால் அந்தப் பாதையில் ஈரத்தில் நின்றபோது ஒன்று எனக்கு வெளிச்சமானது. அந்த வழக்கில் கைகட்டிப் பேசாமல் நின்ற ஆன்மா சூசை அண்ணை என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நீதான் அது. உன்னைப் பற்றித்தான் வழக்கு. உன்னை மீட்க என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல் மதிலில் சாய்ந்து நின்றாய். உனக்காகப் பேசவேண்டியவர் பேசாமல் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

நான் ரோசம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். சைக்கிள் சரியப் பார்த்தது. மங்களம் பாட அண்ணாவியார் அங்கில்லை. அவர் எந்தப் பக்கம் போனார் என்று இன்னும் தெரியாது. பாடாவிட்டால் போகட்டும். இப்போது மூன்று பேரும் ஒரே கிடுகுக் கொட்டிலுக்குள்தான் இருக்கிறோம். ரோசம்மா அக்காவின் கால் வீக்கம் வற்றிவருகிறது. சூசை அண்ணை களப்பில் வலை எறிந்து கொண்டுவருகிறதை நான் கறியாக்குகிறேன், நானும் சாப்பிடுகிறேன், பூனைக்குப் போடுவதில்லை. பங்குச் சுவாமி ஞானஸ்நானப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், உன் அத்தாட்சியை மரத்தடியில் இருந்து எழுதித் தந்தார். பெயர் இருந்தபடி இருக்கிறது. கலியாணத்தன்று கோயிலுக்கு வெளிக்கிடமுதல் மாப்பிள்ளை ஞானத்தகப்பனுக்கு முன் முழந்தாளில் நின்று நெற்றியில் சிலுவை வாங்குகிறது எங்கள் வழமை. அங்கே உனக்கு அவர் இல்லை. ஒரு வரி எழுதி அவரிடம் ஆசீர்வாதம் கேள். கேட்காமல் அவர் தரமாட்டார், அவருடைய குணம் எனக்கு இப்போது தெரியும்.

நீ இதைப் படித்துவிட்டு, அவர் போயிருக்கவேண்டும், போயிருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று சொல்வாய். இருந்திருக்கலாம். நானும் அதையே நினைத்துத்தான் இத்தனை வருடம் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அந்தப் பாதையில் என்னை நானே ஒன்று கேட்டேன், கேட்டபிறகு இன்னும் சரியாக நித்திரை வருவதில்லை. அந்த வள்ளத்தில் சூசை அண்ணைக்குப் பதிலாக நான் இருந்து, அங்கே உன் அப்பா சாரத்தை ஆட்ட, இங்கே நீ என் காலடியில் நித்திரையாய்க் கிடந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உன் அப்பாவில் நான் எவ்வளவு ஆசை வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். நானும் உன்னைக் கொண்டு கரைக்குத்தான் வந்திருப்பேன், தம்பி. திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டேன்.

அம்மா